வாசிச்சது வாசிச்சதுதான்

மார்ச் 2, ஞாயிறு

ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். எதிர்ப்பக்க மரத்தில் மொட்டு வந்துவிட்டது. மற்றவர்களுக்கு அதைப் பார்த்தால் கவிதை வரும். எனக்கு வேலை வரும். வசந்தச் செய்தி சேர்க்கிற மாசம் வந்தாச்சு.

குழுவில் போட்டேன்: "இம்மாதக் கடைசி ஞாயிறு செய்தி வாசிப்பு. அவரவருக்கு விழுந்த வீட்டைப் பற்றி எழுதி அனுப்பவும். 'எல்லாரும் நலம்' என்று மட்டும் அனுப்புகிறவர்கள் குடும்பத்திலிருந்து நீக்கப்படுவார்கள்." தம்பி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவ்வளவுதான் அவனிடமிருந்து வரும், கடைசி வாரம் வரை. உலகத்தின் அடிப்பக்கத்தில் இருக்கிற மொட்டை அண்ணன், "இங்க இலை உதிருது. உனக்காக வசந்தம்னு வெச்சுக்கறேன்" என்று எழுதினான். வருஷா வருஷம் இதே ஜோக். வருஷா வருஷம் எனக்குச் சிரிப்பும் வருகிறது.

இந்த வருஷம் சுற்றில் எனக்கு விழுந்தது ரேடியோ அண்ணன் வீடு. வேறு யாருக்காவது விழுந்து தொலைத்திருக்கக் கூடாதா?

மார்ச் 4, செவ்வாய்

ரேடியோ அண்ணனின் மனைவி, எங்கள் அண்ணி, நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தார். கண்ணாடியில் ஒரு திருகு கழன்றுவிட்டதாம். பார்த்தால் திருகெல்லாம் கிண்ணென்று இருக்கிறது. நான் சும்மா துடைத்துக்கொண்டே இருந்தேன், அவர் பேசட்டும் என்று.

"கதிர்வீச்சு கேக்கலையாம். அவர் தொண்டையில கட்டி அப்படியே இருக்காம். குரல்வளையையே எடுத்துடணும்ங்கறார் டாக்டர்."

"எடுத்துட்டா?"

"எடுத்துட்டா பொழைச்சுக்குவார். பேச்சு இருக்காது. ஏப்ரல் பத்துக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்காங்க. கையெழுத்துப் போட மாட்டேங்கறார். 'குரல் போனா அப்புறம் நான் யாரு'ன்னு கேக்கறார். நான் என்னத்தைச் சொல்ல?"

பக்கத்தில் லென்ஸ் தேய்க்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இல்லாவிட்டால் நான் அழுதது கடை முழுக்கக் கேட்டிருக்கும். அண்ணி ஒன்றுமே நடக்காதது போலக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "திருகு இப்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 5, புதன்

தூக்கம் பிடிக்கவில்லை. நாங்கள் எல்லாரும் வளர்ந்த பெரிய வீட்டு ஞாபகம்தான் திரும்பத் திரும்ப.

மூன்று குடும்பம், ஒரே சமையலறை, ஒரே குளியலறை, அதன் வாசலில் எப்போதும் ஒரு வரிசை. சாப்பாட்டு அறையில் ஒரு ரேடியோ இருந்தது. அது ஒருநாள் வாயை மூடிக்கொண்டது. பழுது பார்க்கக் கொடுத்தது திரும்பி வரவேயில்லை. அன்று சாயந்திரம் பெரியப்பா மகன் — அப்போது அவனுக்குப் பத்து வயசு இருக்குமா? — ரேடியோ இருந்த அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். தட்டில் கரண்டியால் மூன்று தட்டு. "வணக்கம். வீட்டுச் செய்திகள்." அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள், அப்படியொரு குரல். எலும்பும் தோலுமாக இருந்த பையனுக்குள்ளிருந்து அது எப்படித்தான் வந்ததோ!

அன்றிலிருந்து அவன் ரேடியோ. நான் எழுதிக் கொடுப்பேன், அவன் வாசிப்பான். என்னை எடிட்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தான். எனக்கு அப்போது பல்லே முழுசாக முளைக்கவில்லை.

பெரியப்பா சட்டம் போட்டார். சட்டம் ஒன்று: அவனவன் செய்தியை அவனவன் சொல்லக் கூடாது, இன்னொருத்தர்தான் சொல்லணும். "தன் செய்தியைத் தானே சொன்னா அதுக்குப் பேர் செய்தி இல்ல, பீத்தல்." எல்லாச் செய்தியும் முடிந்ததும் அண்ணன் சொல்வான்: "இத்துடன் செய்திகள் முடிவடைந்தன. அவரவர் தட்டை அவரவர் கழுவவும்." அதைச் சொல்கிற வரை ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது.

அந்த வீட்டை விட்டு எல்லாரும் பிரிந்ததும் ஒரு வசந்தத்தில்தான். அதனால்தான் வருஷத்துக்கு ஒருமுறை இப்போது.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். பால்கனியில் தொட்டிக்கு மண் போட்டுக்கொண்டிருந்தான். குரல் உப்புத்தாளை உரசுகிற மாதிரி இருக்கிறது. காலையில் கொஞ்சம் தேவலை, போகப் போகத் தேய்ந்துவிடுகிறது.

"என்ன எடிட்டரம்மா, செய்தி சேகரிக்க வந்தியா?"

"ஆமா. உன் வீடுதான் எனக்கு."

"தக்காளி வெச்சிருக்கான்னு எழுது."

"தொண்டையைப் பத்தி?"

"தக்காளி வெச்சிருக்கான்."

நானும் விடவில்லை. டாக்டர், அவன் மகள், அண்ணி என்று எல்லாரையும் இழுத்தேன். ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் மண் கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தான். "இங்க பாரு. ரயில்வே ஸ்டேஷன்ல என் மூஞ்சி யாருக்கும் தெரியாது. அத்தனை வருஷம் ஒரு ரூமுக்குள்ள உக்காந்து வண்டி எப்ப வரும், எந்த மேடைக்கு வரும்னு சொன்னேன். இந்த ஊருக்கு நான்னா குரல் மட்டும்தான். அதை எடுத்துட்டு மிச்சத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"உயிரோட இருக்கலாம்ல?"

"இந்த வசந்தம் வாசிச்சுடறேன். அப்புறம் வர்றது வரட்டும்."

வெளியே சொல்லாதே என்று சத்தியம் வேறு கேட்டான். நான் பண்ணவில்லை. பேச்சை மாற்றி, படிக்கிற கண்ணாடி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எழுத்து மங்கலாம். கடைக்கு வரச் சொன்னேன், பவர் பார்த்துப் புதுசு போட்டுத் தருகிறேன் என்று. கண்ணாடிக்கு மட்டும் உடனே சரி என்றான். படவா.

மார்ச் 12, புதன்

சின்ன அத்தையிடமிருந்து முதல் செய்தி வந்துவிட்டது, தம்பி வீட்டைப் பற்றி. எழுபத்தெட்டு வயசில் அத்தைக்கு இருக்கிற சுறுசுறுப்பு இந்தக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை.

மார்ச் 15, சனி

அத்தைக்கு போன் பண்ணினேன். மகள் வீட்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மொத்தக் குடும்பத்தையும் ஆட்டி வைக்கிறார். பேச்சு எங்கெங்கோ சுற்றி ஐஸ்கிரீம் கதைக்கு வந்தது. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அத்தைக்கு வேலை கிடைத்த புதுசு. நானும் தம்பியும் கூட்டு சேர்ந்து ஒரு சீட்டில் எழுதினோம்: "சின்ன அத்தை நாளை எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தருவார்." அண்ணன் அதை அப்படியே வாசித்துவிட்டான். அவன் எந்தச் சீட்டையும் முன்னாடி பார்க்க மாட்டான். "முன்னாடியே பாத்துட்டா அது செய்தி இல்ல, பாடம்" என்பான். அத்தை குதித்தார், "நான் எப்போடா சொன்னேன்!" பெரியப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "வாசிச்சது வாசிச்சதுதான்."

அதுவே சட்டம் இரண்டு ஆகிவிட்டது. செய்தியில் வாசிக்கப்பட்டால் யாரைப் பற்றியதோ அவர் அதை உண்மையாக்கியே தீரணும். மொட்டை அண்ணன் நீச்சல் கற்றது இப்படி. தம்பி கணக்குப் பரீட்சையில் தேறியதும் இப்படித்தான்.

"அந்த ஐஸ்கிரீம்ல என் முதல் சம்பளமே போச்சுடி" என்றார் அத்தை. அந்தக் குரலில் இன்னும் கோபம் இருக்கிறது, கொஞ்சம் பெருமையும்.

மார்ச் 19, புதன்

அண்ணன் மகள் போன். தூரத்திலிருந்து அழுகிறாள். "அத்தை, நீங்க சொன்னா அப்பா கேப்பாரு." எங்கே கேட்கிறான்! கழுதை, என்னைத் தக்காளி எழுதச் சொல்கிறான்.

ஒரு விஷயம் தீர்மானித்துவிட்டேன். அண்ணனுக்கு என்ன ஆனாலும் வசந்தச் செய்தி இந்த வருஷத்தோடு சரி. அவன் வாசிக்காதது செய்தியா? வேறு யார் வாசிப்பது? நானா? அவனுக்குக் கன்னம் வீங்கிப் படுத்திருந்தபோது ஒருநாள் என்னை அலமாரிக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். சீட்டு கையில், எழுத்து என்னுடையது, வாய் திறக்கவில்லை. எல்லாரும் சாப்பிட்ட கை காயக் காய உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் பெரியப்பாவே, "இன்னைக்குச் செய்தி இல்ல, எழுந்திருங்க" என்றார். அதோடு நான் எழுதுகிறவள் மட்டும்தான்.

சாயந்திரம் அவர்கள் வீட்டுச் சமையலறையில் அண்ணியிடம் இதைச் சொன்னேன், இதோடு நிறுத்திவிடலாம் என்று.

மார்ச் 22, சனி

அண்ணியும் நானும் அவர்கள் வீட்டுச் சமையலறையில். உள்ளே அண்ணன் தூங்குகிறான். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, எதற்கோ சிரிக்க ஆரம்பித்தோம். அண்ணி அந்த ஸ்டேஷன் கதையைச் சொன்னார். கல்யாணமான புதுசில் வீட்டுச் சாவியை அண்ணன் எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். இவர் ஸ்டேஷனுக்குப் போய், அறிவிப்பு அறைக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். அவன் எடுத்தான், வாசித்தான்: "பயணிகள் கவனத்திற்கு. அறிவிப்பாளரின் மனைவி சாவியில்லாமல் மூன்றாவது வாசலில் கோபமாக நிற்கிறார்." ஸ்டேஷன் முழுக்கக் கேட்டதாம்.

"வாசிச்சு முடிச்சப்புறம்தான் அந்த அறிவிப்பாளர் தான்தான்னே தெரிஞ்சிருக்கு. இவருக்கு வாய் முன்னாடி போகும், புத்தி அடுத்த வண்டியில வரும்" என்றார் அண்ணி.

நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். சட்டென்று சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணி என் முகத்தைப் பார்த்தார்.

"நான் எதையும் பாக்கலை. எனக்கு எதுவும் தெரியாது" என்று எழுந்து டீ போடப் போனார்.

மார்ச் 25, செவ்வாய்

எழுதினேன். அண்ணன் வீட்டுச் செய்திதான். கிழித்தேன். திரும்ப எழுதினேன்.

இது நியாயமா? ஐஸ்கிரீமுக்குப் போட்ட சட்டம். அதை ஒரு மனுஷன் தொண்டையில் கொண்டுபோய் வைக்கலாமா? அவன் குரல், அவன் உயிர். எனக்கு என்ன பாத்தியதை?

ஆனால் அவன் இல்லாத வீட்டில் போய் நான் யாரிடம் சண்டை போடுவேன்? பெரிய வீட்டில் என்னோடு அந்த அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்தவன் அவன் ஒருத்தன்தான். போகட்டும் என்று விட என்னால் முடியாது. முடியாதுன்னா முடியாதுதான்.

மார்ச் 29, சனி

எல்லாச் செய்தியும் வந்துவிட்டது. பெரிய எழுத்தில் அச்செடுத்தேன். அண்ணன் வீட்டுச் செய்தி கடைசித் தாள். புதுக் கண்ணாடியும் தயார். வேறெங்கோ நினைப்பில் ஒரு லென்ஸைக் கீறித் தொலைத்தேன், மறுபடி போட்டேன். முதலாளி ஒரு மாதிரி பார்த்தார்.

மார்ச் 30, ஞாயிறு

ராத்திரி ஆவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அண்ணன் வீட்டில் காலையிலேயே வைத்துக்கொண்டோம், அவன் குரல் தெளிவாக இருக்கிற நேரமாக. கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாக எல்லாரும். ஒரு கட்டத்தில் பகல், ஒரு கட்டத்தில் இருட்டு, ஒரு கட்டத்தில் யாரோ ஒருத்தருடைய நெற்றி மட்டும். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்தான். புதுக் கண்ணாடியை மாட்டினான். தட்டில் மூன்று தட்டு. எல்லாக் கட்டமும் அமைதியாகிவிட்டது.

"வணக்கம். வசந்தச் செய்திகள்."

கரகரப்புதான். ஆனால் அதே நிமிர்வு, அதே நிறுத்தம். தம்பி ஐம்பத்தாறு வயசில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறான், எத்தனை முறை விழுந்தான் என்று கேட்க வேண்டாம் என அவன் மனைவி கேட்டுக்கொள்கிறார். சின்ன அத்தை வாக்கரைத் தூக்கி எறிந்தார், பிறகு எடுத்து வரச் சொன்னார். மொட்டை அண்ணன் தாத்தா ஆகிவிட்டான், குழந்தை தலையிலும் ஒரு முடி இல்லை, பட்டத்துக்கு வாரிசு பிறந்தாச்சு. எல்லாரும் சிரிக்க அவன் சிரிக்காமல் வாசித்தான். சின்ன வயசில் வாசித்த மாதிரியே. எனக்கு அந்தச் சாப்பாட்டு அறை வாசனையே வந்துவிட்டது.

கடைசித் தாளை நகர்த்தினேன். அண்ணி டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேடியோ வீடு. பால்கனியில் தக்காளி வைக்கப்பட்டுள்ளது." என்னை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்துக்கொண்டான். நிறுத்தவில்லை. "தக்காளி பழுக்கும்போது பறிப்பதற்கு ஆள் வேண்டும் என்பதால், நமது செய்தி வாசிப்பாளர் ஏப்ரல் பத்தாம் தேதி அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார். குரல்வளை எடுக்கப்படும். உயிருக்கு —"

அங்கேதான் புத்தி வந்து சேர்ந்தது. ஆனால் அவன் வாழ்க்கையில் பாதிச் செய்தியில் நிறுத்தியதே இல்லை. முடித்தான். "உயிருக்கு ஆபத்து நீங்கும் என்று மருத்துவர் கூறுகிறார்."

அவன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே — வேண்டாம், எழுத மாட்டேன்.

அப்போது அத்தை குரல். நடுங்குகிறது, ஆனாலும் தெளிவாக. "எனக்கு ஐஸ்கிரீம் வாங்க வெச்சீங்கல்ல? என் முதல் சம்பளம்டா அது. வாசிச்சது வாசிச்சதுதான்." உடனே தம்பி. உடனே மொட்டை அண்ணன். அண்ணன் மகள் அழுதுகொண்டே. கட்டம் கட்டமாக எல்லாரும், வாசிச்சது வாசிச்சதுதான், வாசிச்சது வாசிச்சதுதான்.

அண்ணன் கம்ப்யூட்டரை மூடிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். "இத்துடன் செய்திகள் முடிவடைந்தன" சொல்லவேயில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

கையெழுத்துப் போட்டுவிட்டானாம். அண்ணி போனில் சொன்னார். என்னிடம் பேசக் கூப்பிட்டதற்கு மாட்டேன் என்று தலையை ஆட்டினானாம்.

ஏப்ரல் 4, வெள்ளி

நேரில் போனேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான். பேசறதுக்கு இருக்கறதே இந்தக் கொஞ்ச நாள். அதையும் என்கூடப் பேசாம வீணடிக்கறானே பாவி. தப்புப் பண்ணிட்டேனா நான்? அவன் குரலை நான் கடைசியா கேட்டது அந்தத் தாள்தானா?

ஏப்ரல் 7, திங்கள்

மகள் வந்து இறங்கிவிட்டாள். அவளிடம் மணிக்கணக்காகப் பேசுகிறானாம். பேசட்டும். அவளுக்குத்தான் முதலில் வேண்டும்.

நான் கடையில் ஒருத்தருக்கு இடது லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

ஆஸ்பத்திரி. அவனைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு வந்தார்கள். அண்ணி ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். நான் சுவரோடு சுவராக நின்றேன். என்னைத் தாண்டினதும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான்.

கண்ணாடி அவன் மூக்கில் இருந்தது. கழற்றி என் கையில் கொடுத்தான்.

"மூக்குல அழுத்துது. சரி பண்ணி வை."

அவ்வளவுதான். தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நானும் எவ்வளவோ எதிர்பார்த்திருந்தேன் — மன்னிச்சுட்டேன்னோ, திட்டோ, ஏதாவது. சரி பண்ணி வையாம். வராந்தாவில் உட்கார்ந்து அழுத அழுகையில் ஒரு நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணா, உன் குரல் எனக்குக் கடைசியா குடுத்தது ஒரு வேலை. செஞ்சுடறேன்.

சாயந்திரம் டாக்டர் வந்து சொன்னார்: நல்லபடியாக முடிந்தது.

ஏப்ரல் 12, சனி

மூக்குத்தாங்கி இரண்டையும் மாற்றினேன். மெத்தென்று இருக்கிற வகை. என் மூக்கில் மாட்டிப் பார்த்தேன். அழுத்தவில்லை. இன்னும் ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன்.

மே 4, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்கு வந்தபிறகு முதல் தடவையாகக் குடும்பம் முழுக்கத் திரையில். அவனைப் பார்க்கணும் என்று எல்லாருக்கும் ஆசை. கழுத்தில் மெல்லிய துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், இளைத்து, ஆனால் நிறம் திரும்பி. தக்காளிச் செடி முழங்கால் உயரம். டாக்டர் கணக்குப்படி கட்டி முழுசாகப் போய்விட்டது. அதைச் சொன்னது அண்ணி, அவன் செய்தியை அவன் சொல்லக் கூடாதே.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று டக், டக், டக். தட்டில் கரண்டி. பழக்கம் யாரை விட்டது, எல்லாக் கட்டமும் கப்சிப்.

என் கையில் ஒரு மடித்த தாளைத் திணித்தான். நன்றி எழுதியிருப்பான், எல்லாருக்கும் படித்துக் காட்டச் சொல்கிறான் என்று நினைத்தேன். முன்னாடி பார்க்கவில்லை. பிரித்தேன். வாய் திறக்கவில்லை, அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்த அன்றைக்கு மாதிரியே. அண்ணனைப் பார்த்தேன். அவனுக்கும் வாய் இல்லை, எனக்கும் வாய் இல்லை என்றால் யார்தான் பேசுவது? ஆரம்பித்துவிட்டேன்.

"வணக்கம். வசந்தச் செய்திகள், விடுபட்டவை. எடிட்டரம்மா வீடு. இந்த வீட்டில் குடியிருப்பவர் ஒரு நம்பிக்கைத் துரோகி. கண்ணாடி மட்டும் நன்றாகச் சரி செய்வார். செய்தியை இந்த வருடத்தோடு நிறுத்திவிடலாம் என்று அவர் சமையலறையில் பேசியது நமது நிலையத்துக்குக் கேட்டது. நிலையத்தில் போனது குரல்தான், காது அல்ல. எனவே அடுத்த வசந்தம் முதல் செய்தி எழுதுபவர் ரேடியோ. வாசிப்பவர் எடிட்டரம்மா."

வாசித்து முடித்த பிறகுதான் எனக்குக் கேட்டது.

அண்ணன் தோள் குலுங்குகிறது. சத்தமே இல்லாமல் அப்படியொரு சிரிப்பு. அத்தை வாயைத் திறந்தார். "தெரியும் அத்தை, தெரியும், சொல்ல வேணாம்" என்றேன்.

அண்ணன் தாளைத் தட்டிக் காட்டினான். கீழே இன்னும் ஒரு வரி பாக்கி. அதையும் வாசித்தேன். குரல் உடைந்துதான் போனது, ஆனாலும் முழுசாக வாசித்தேன்.

"இத்துடன் செய்திகள் முடிவடைந்தன. அவரவர் தட்டை அவரவர் கழுவவும்."

பிறகு அந்தத் தட்டையும் கரண்டியையும் எடுத்துப்போய் நானே கழுவி வைத்தேன்.